முப்பத்தொன்பது வருட ஆஃப்சைடு

எனக்கு வீடு ஒன்று, கார் ஒன்று, கோபம் ஒன்று. வீடு ஒழுகும். கார் நின்று நின்று ஓடும். கோபம் மட்டும் முப்பத்தொன்பது வருடமாக ஒரு நாள்கூடப் பழுதானதில்லை.

சின்னக் கோபங்கள் வேறு இருக்கின்றன. என் புல்வெட்டும் மெஷினை வாங்கிப் போய் மொட்டைக் கத்தியோடு திருப்பிக் கொடுத்த மதிவாணன். மைத்துனர் கல்யாணப் படத்தில் என்னைப் பாதியாக வெட்டிவிட்ட படக்காரர். இவர்களை நான் மறக்கவில்லை. ஆனால் இவர்கள் சில்லறை. பெரியது நாச்சியப்பன்.

1985. எனக்கு இருபத்து நான்கு வயது. மலேசியாவின் ஜோகூரில், லாபிஸ் பக்கம் எங்கள் தோட்டத்துக் காற்பந்து அணியில் கோல் அடிப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. திடலில் என்னை எவனும் தாண்டியதில்லை. இறுதி ஆட்டம், எதிரில் சிம்பாங் ரெங்கம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது நான் அடித்தேன். வலை கிழிந்தது. என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். தோளில் உட்கார்ந்தபடி பார்க்கிறேன், கோட்டோரம் ஒரு மஞ்சள் கொடி உயர்ந்து நிற்கிறது. ஆஃப்சைடு. பந்து வருவதற்கு முன்பே எதிரணிக்காரனைத் தாண்டிப் போய் நின்றேனாம். தூக்கியவர்கள் என்னை இறக்கவில்லை. போட்டார்கள். பிறகு பினால்டி உதைகளில் தோற்றோம்.

கொடி பிடித்தவன் நாச்சியப்பன். டவுனில் செட்டியார் கடை வீட்டுப் பையன். பந்தைத் தொட்டதே கிடையாது. கூட்டத்தில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவன் அவன் ஒருவன்தான் என்று கொடியை அவனிடம் கொடுத்திருந்தார்கள். கடிகாரத்துக்கும் ஆஃப்சைடுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை. அடுத்த மாதமே அவன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. கோபம் என்னிடம் தங்கிவிட்டது. நானும் குறை வைக்காமல்தான் பார்த்துக்கொண்டேன்.

இப்போது நாங்கள் இருப்பது ஸ்கூடாயில். தொழிற்சாலையில் ஜாகாவாக, அதாவது காவல்காரனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி ராசம்மா. மகள் லோஷினி, நாற்பதைத் தாண்டி எனக்குப் பிறந்த ஒரே பிள்ளை, கல்லூரிப் பெண்கள் அணிக்குக் கோல் கீப்பர்.

ராசம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்றுவரை அவள் என் பெயரை வாயால் சொன்னதில்லை. கிளினிக்கில் கணவர் பெயர் கேட்டால் என் ஐசி அடையாள அட்டையை எடுத்து நீட்டுவாள். மற்றபடி நான் ‘லோஷினி அப்பா’. இந்த மரியாதையில் எனக்குத் தனிப் பெருமை. அவளுடைய கோயில் சிநேகிதி வேதநாயகியும் அப்படியே. அவர் மகள் பிரீத்திதான் லோஷினி அணியின் கேப்டன். எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போகிற பிள்ளை. வேதநாயகியின் கணவரை நான் பார்த்ததில்லை. பேச்சில் அவர் ‘பிரீத்தி அப்பா’. அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில்தான் ஆரம்பித்தது.

“அப்பா, நாளைக்கும் நாளன்னிக்கும் எட்டுக் காலேஜ் ஆடுது. ஜெயிக்கிற டீமுக்கு ஒரு கப். இந்த ரெண்டு நாள்ல எந்த டீம் ஆட்டம் ரொம்பப் பிடிச்சதுன்னு ரசிகருங்க போன்ல ஓட்டுப் போடுவாங்க. அதுக்கு இன்னொரு கப். அதுதான் பெருசு.”

“அதை யாரு குடுக்கிறது?”

லோஷினி போஸ்டரை எடுத்துப் படித்தாள். “நாச்சியப்பன். முன்ன லாபிஸ்ல கடை வச்சிருந்த...”

ராசம்மாவுக்கு இருமல் வந்தது. லோஷினி போஸ்டரை மடித்தாள். காலம் கடந்துவிட்டது. நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

“அந்தக் கையால குடுக்கிற கப்பை என் மகள் தொடக்கூடாது.”

“அப்ப நான் நல்லா ஆடக்கூடாதாப்பா?”

“நல்லா ஆடு. ஜெயி. ஆனா யாருக்கும் பிடிக்காத மாதிரி ஜெயி.”

“அதை உங்கப்பாகிட்டதான் கத்துக்கணும்” என்றாள் ராசம்மா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

நான் சும்மா இருப்பவனா. எங்கள் பழைய ஜாகாக்களுக்கு ஒரு வாட்சாப் குழு உண்டு. முப்பத்தொரு பேர். எனக்கு எழுத வராது, பேசி அனுப்புவேன். “தோழர்களே, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எல்லாரும் குளுவாங் காலேஜ் டீமுக்கு ஓட்டுப் போடணும். வீட்ல உள்ளவங்க போன்லயும் போடுங்க. காரணம் கேக்காதீங்க.” முப்பத்தொரு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை திடலில் ராசம்மா முன்கூட்டியே இரண்டு மடக்கு நாற்காலி போட்டு, மேலே ஒரு பெரிய குடையும் கட்டி வைத்திருந்தாள். ஒன்றில் நான். இன்னொன்றில் தொப்பி போட்ட ஒரு மனிதர்.

“இவங்கதான் பிரீத்தி அப்பா” என்றாள் ராசம்மா. “இவங்க லோஷினி அப்பா” என்றார் வேதநாயகி. இரண்டு பேரும் வடைப் பொட்டலத்தை எங்கள் மடியில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

நல்ல மனிதர். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார். நடுவர் செய்த தப்பையெல்லாம் நான் கண்டுபிடித்த அதே நொடியில் அவரும் கண்டுபிடித்தார். இப்படி ஒருவரோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று.

ஆட்டமா அது. பிரீத்தி இரண்டு கோல் அடித்தாள். லோஷினி எதையும் உள்ளே விடவில்லை. ஒரு பந்து மேல் மூலைக்குப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பந்து அவள் நெஞ்சோடு இருக்கிறது.

“அலாமாக், பூனை மாதிரி பாயுதே அண்ணே உங்க பொண்ணு” என்றார் பிரீத்தி அப்பா.

“உங்க பொண்ணு காலுக்குச் சூடம் காட்டணும் அண்ணே” என்றேன் நான்.

பெருமை தலைக்கேறினால் மனிதன் என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரிவதில்லை. போனை எடுத்தேன். ஜாகாக் குழுவில் கத்தினேன். “டேய், பாத்தீங்களாடா! என் மகள்டா அது! இந்த ஜோகூர்லேயே இப்படி ஒரு கீப்பர் இருக்காளாடா!” அனுப்பிய பிறகுதான் முந்தின நாள் அனுப்பியது ஞாபகம் வந்தது. அதற்குள் முப்பத்தொரு கட்டைவிரல். எந்தப் பேச்சுக்குத் தூக்கினார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மனம் விட்டுப் பேச ஆள் வேண்டியிருந்தது. பிரீத்தி அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். கொடி, கடிகாரம், தோளிலிருந்து போட்டது, எல்லாம்.

“அந்த நாச்சியப்பன் இருக்கானே, அவனுக்குக் கண்ணு ரெண்டும் பேருக்குத்தான் அண்ணே.”

அவருக்கு வடை தொண்டையில் சிக்கிக்கொண்டது. நான்தான் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்து, “வெயில் அடிச்சிருக்கும் அண்ணே” என்றார்.

“வெயிலா? எல்லாருக்கும் ஒரே வெயில்தானே.”

“அதுவும் சரிதான்” என்று தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். எதிரில் குளுவாங். திடல் நிறையக் கூட்டம். ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒலிபெருக்கி கூப்பிட்டது. கோட்டோரம் கொடி பிடிக்க வேண்டியவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம். “லோஷினி அப்பா, தயவு செய்து மேசைக்கு வரவும். லோஷினி அப்பா.”

நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தேன். கடைசியில் இந்த உலகத்துக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

“கண்ணாடியைக் குடுங்க, ஓடுறப்ப விழுந்து உடைஞ்சிடும்” என்று ராசம்மா கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். என்ன அக்கறை.

கொடியைக் கையில் வாங்கியபோது ஒரு சத்தியம் செய்தேன். நாச்சியப்பன் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், எந்த மூலையிலிருந்து வேண்டுமானாலும் பார்க்கட்டும். கொடி பிடிப்பது எப்படி என்று இன்று அவனுக்குக் காட்டிவிடுகிறேன்.

எழுபது நிமிடம் காட்டினேன். ஒரு தப்பில்லை. அறுபத்து மூன்று வயதில் அந்தக் கோட்டோரம் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஒரு சீனப் பாட்டி எனக்குத் தண்ணீர் போத்தல் கொடுத்தார்.

எழுபத்தோராவது நிமிடம். பந்து நடுவிலிருந்து வந்தது. எங்கள் அணியின் நீலச் சட்டை ஒன்று ஓடியது. மேற்கு வெயில் நேராகக் கண்ணில். பிரீத்தி எதிரணிக்காரிக்கு முன்னால் இருந்தாளா, பின்னால் இருந்தாளா. பந்து வலைக்குள் போன சத்தம் கேட்டது. கூட்டம் எழுந்த சத்தம் கேட்டது. உடனே அடங்கிய சத்தமும் கேட்டது. என்ன ஆயிற்று என்று அண்ணாந்து பார்த்தேன். என் கை மேலே இருந்தது. கையில் கொடி இருந்தது.

நடுவர் கோலைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

“காயு! காயு!” என்று திடல் முழுவதும் கத்தியது. இந்த நாட்டில் மோசமான நடுவருக்குக் கொடுக்கிற பட்டம் அது. மரக்கட்டை. 1985-இல் நாச்சியப்பனைப் பார்த்து முதலில் கத்தியவன் நான்தான்.

அந்தப் பிள்ளைகள் சண்டைக்கு வரவில்லை. பிரீத்தி ஓடி வந்து என் தோளைத் தட்டி, “பரவால அங்கிள், இன்னொண்ணு அடிப்போம் லா” என்றாள். அடிக்கத்தான் முடியவில்லை. கோலில்லாமல் முடிந்து பினால்டிக்குப் போனது. லோஷினி இரண்டைத் தடுத்தாள். இரண்டாவதை ஒரே கையால் தட்டிவிட்டாள். நானாக இருந்தால் இரண்டு கையிருந்தும் பிடித்திருக்க மாட்டேன். ஆனாலும் எங்கள் பக்கத்தில் மூன்று வீணாகி, மூன்றுக்கு இரண்டில் தோற்றார்கள். தலை குனியாமல் எதிரணியோடு ஒவ்வொருவராகக் கை குலுக்கினார்கள்.

குடைக்குள் வந்து விழுந்தேன். பிரீத்தி அப்பா வடையை நீட்டினார்.

“அண்ணே, உங்க பிள்ளை கோலை நான் கெடுத்திட்டேன்.”

“வெயில் லா அண்ணே. கண்ணு கூசுனா கொடி தானா மேல போயிடும்.”

“அந்தப் பிள்ளை என்னை மன்னிக்குமா?”

“காலையில மறந்துடுவா. ஒரு கொடிக்காக யாராச்சும் வருஷக்கணக்கா கோவத்தை வச்சுக்கிட்டு இருப்பாங்களா?”

வாயைத் திறந்தேன். வடையைப் போட்டு மூடிக்கொண்டேன்.

“உங்களுக்கு எப்படி அண்ணே இவ்வளவு தெரியுது?”

“நானும் ஒரு தடவை கொடி பிடிச்சிருக்கேன்.”

அப்போது ஒலிபெருக்கி அறிவித்தது. ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த ஆட்டம்: கோலைப் பறிகொடுத்தும் முகம் சுளிக்காமல் ஆடிய ஸ்கூடாய் பிள்ளைகள். அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. அதில் முப்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மீதியை என் கொடி வாங்கிக் கொடுத்திருந்தது.

“கோப்பையை வழங்க, திரு. நாச்சியப்பன் மேடைக்கு வரவும்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரட்டும். முப்பத்தொன்பது வருடம் கழித்து அந்த முகத்தைப் பார்க்கலாம்.

“இதைக் கொஞ்சம் பிடிங்க அண்ணே” என்று பிரீத்தி அப்பா வடைத்தட்டை என் கையில் கொடுத்தார். தொப்பியைக் கழற்றினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நேராக மேடைக்கு நடந்தார்.

நான் வடைத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேடையிலிருந்து அவர், “லைன்ஸ்மேனும் வரணும், சேர்ந்துதான் குடுக்கணும்” என்றார். கூட்டம் “காயு! காயு!” என்று கத்தியது. இந்த முறை சிரித்துக்கொண்டு கத்தியது. கோப்பையின் ஒரு காதை அவர் பிடித்தார், இன்னொரு காதை நான் பிடித்தேன். லோஷினி வந்து வாங்கினாள். “தேங்க்ஸ்ப்பா” என்றாள். அந்தக் கோப்பையைத் தொடக்கூடாது என்று சொன்ன வாய், அப்போது எடுத்த படத்தில் பல் அத்தனையும் காட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தப் படத்தில் என்னை யாரும் பாதியாக வெட்டவில்லை.

காரில் ஏறியதும் விசாரணையைத் தொடங்கினேன்.

“அவன்தான் நாச்சியப்பன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டு வருஷமா.”

“ஏன்டி பேரைச் சொல்லல?”

“என் வீட்டுக்காரர் பேரையே சொல்லாதவ, அடுத்தவங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்வேனா? மரியாதை இல்லையே.”

பின்சீட்டில் லோஷினி கோப்பைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள். வண்டி சிக்னலில் நின்றது. ராசம்மா கைப்பையிலிருந்து என் கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, என் மூக்கில் மாட்டிவிட்டாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

“ராசம்மா, உண்மையைச் சொல்லு. கொடி பிடிக்க என் பேரைக் குடுத்தது நீதானே?”

“ஐயோ, உங்க பேரை நான் குடுப்பேனாங்க?” என்றாள். “‘லோஷினி அப்பா’ன்னுதான் குடுத்தேன்.”