காலிக் கண்ணாடியில் வந்த ஆவி

எங்கள் தெரு போட்டோ ஸ்டுடியோவுக்கு ஆவிகளை அழைக்கும் ஸ்கேனர் வந்தது. பழைய பிலிம் நெகட்டிவையும் படத்துக்கு நூறு ரூபாயையும் கொடுத்தால் போதும், செத்தவர் கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்பாராம். "பிலிம்ல வெளிச்சம் மட்டுமா பதியுது? உயிரும் பதியுது" என்றார் ஸ்டுடியோக்காரர். கண்ணாடியைத் துடைத்தால் ஆவி கலைந்துவிடும் என்று ஸ்கேனர் மேல் ஓர் அட்டை வேறு. கூட்டம் சும்மா இருக்குமா? அப்பாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத மகன்கள்கூட அவர் ஆவிக்காக வரிசையில் நின்றார்கள்.

தையற்கார அம்மா கணவரின் நெகட்டிவோடு போனார். திரையில் வந்த படத்தின் வலது ஓரத்தில் வெள்ளையாக ஒரு மங்கல். அதுதான் ஆவியாம். ஸ்டுடியோக்காரர் அதற்கு வெளிச்சம் கூட்டினார், கண்ணை மூடினார்.

"பொண்ணு கடல் தாண்டக் கூடாதுங்கறார். இன்னும் இருபது படம் கொண்டாங்க, சமாதானம் பேசிப் பார்க்கலாம்."

மகளுக்குக் கப்பலில் என்ஜினியர் வேலை. புதன்கிழமை கிளம்ப வேண்டும். அம்மா பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததே அப்பாதானேம்மா?"

"அது உயிரோட இருந்தப்போ. இப்போ அவருக்கு எல்லாம் தெரியும்டி."

செத்தால் அறிவு வளரும் போலிருக்கிறது.

மகள் அத்தைக்குப் போன் செய்தாள். அத்தை, செத்தவரின் அக்கா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். மறுநாளே இருவரையும் இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். திரையில் தம்பியைப் பார்த்ததும் அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவர் படத்தைப் பார்த்தார். அதிலும் வலது ஓரத்தில் மங்கல். அதற்கடுத்ததிலும்.

"சார், ஒண்ணுமே வைக்காம ஒரு ஸ்கேன் போடுங்க."

"எதுக்கும்மா?"

"நாங்க தினம் காலையில ஆளில்லாம ஒரு எக்ஸ்ரே எடுப்போம். அதுலயும் கறை தெரிஞ்சா கோளாறு மெஷின்ல."

"ஆவிங்க கோவிச்சுக்கும்."

"கோவிச்சா நான் பாத்துக்கறேன், போடுய்யா" என்றார் வரிசையில் நின்ற லாரி டிரைவர்.

போட்டார். திரை முழுக்கக் கறுப்பு. வலது ஓரத்தில் அதே மங்கல். பெரிதாக்கியதும் வரிவரியாகக் கட்டைவிரல் ரேகை தெரிந்தது. ஊரில் செத்தவர்கள் எல்லோரும் ஸ்டுடியோக்காரரின் ஒரே விரலில் குடியிருந்திருக்கிறார்கள்!

அத்தை அட்டையைத் தூக்கி எறிந்து, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். தம்பியின் நெகட்டிவை வைக்கச் சொன்னார். இப்போது ஓரம் சுத்தமாக இருந்தது. நடுவில் அவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு பீரோ சாவியை எடுத்து மகள் கையில் வைத்தார்.

பின்னாலிருந்து ஒருவர் பயபக்தியோடு முன்னே வந்தார். "அம்மா, அந்தக் கைக்குட்டையைக் கொஞ்சம் கொடுங்க, கண்ணுல ஒத்திக்கறேன்."

"ஒத்திக்க வேணாம்" என்றார் அத்தை. "அதை வெச்சுத் தொடைக்கப் பழகுங்க."