கிதாரில் ஒரு குறை வேண்டும்

மலிவான பொருள்கள் மக்களைக் கெடுத்துவிடலாகாது என்ற நல்லெண்ணத்தில், அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளி கண்டோன்மெண்டில் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. அதன் பெயர் மலிவுவிலை மின்கருவிகள் தர மதிப்பீட்டு அலுவலகம். பெயர்ப்பலகை நீளமாக இருந்தபடியால் கட்டடத்தின் ஜன்னல்களுள் ஒன்று அதற்குப் பின்னால் மறைந்துபோயிற்று. அந்த ஜன்னலுக்கு உட்புறத்தில்தான் மதிப்பீட்டு அதிகாரி சௌம்யநாராயணனின் மேசை இருந்தது. ஆகவே அவர் பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு பொருள்களின் தரத்தை ஆராய்ந்துவந்தார்.

அவர் ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து பஸ்ஸில் வருபவர். காலம் தவறாதவர். யாரிடமும் கை நீட்டாதவர். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கதையில் நடந்தவை அனைத்தும் நேர்மையாகவே நடந்தன என்பதை வாசகர்கள் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

பாலக்கரையில் பேட்ரிசியா என்ற பெண் இருந்தாள். மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பவள். ஆர்மோனியம் ஒரு தூணுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் சபையினர் பாடியவர்களைப் பாராட்டுவார்கள். எங்கேனும் பிசகினால் தூணைத் திரும்பிப் பார்ப்பார்கள். தான் வாசிப்பதைத் தன்னுடைய வாசிப்பு என்று தெரிந்தே ஊர் ஒருமுறை கேட்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு மேல் அவள் எதையும் கேட்டதில்லை.

இலங்கை வானொலியில் மின்சாரக் கிதாரைக் கேட்ட நாள் முதல் அந்த ஆசைக்கு ஓர் உருவம் வந்தது. வெளிநாட்டுக் கிதாரின் விலையோ ஒரு மோட்டார் சைக்கிளின் விலை. பெரிய கடைவீதியில் ரேடியோ பழுதுபார்க்கும் காஜா மைதீன் அவள் கொண்டுவந்த கிதார்ப் படத்தைப் பார்த்தார். பலாக்கட்டையைச் செதுக்கி, பழைய ஹெட்போனின் காந்தத்தில் தலைமயிர் போன்ற செம்புக்கம்பியைச் சுற்றி, ஒரு சைக்கிளின் விலையில் கிதாரைச் செய்து முடித்தார். ரேடியோவின் பின்புறம் கிராமபோனுக்கென்று இருக்கும் துவாரத்தில் அதைச் செருகினால், ரேடியோவே அதன் குரலாகிவிடும்.

பொன்மலைப் பக்கத்து மனமகிழ் மன்றம் ஒன்றின் வாத்தியக் குழுவில் அப்போது ஓர் இடம் காலியாக இருந்தது. மன்றத்தின் செயலாளர் பிலோமின்ராஜ் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி டான்ஸுக்கு வந்து வாசிம்மா. நல்லா இருந்தா இடம் உனக்குத்தான். ஆனா கரண்ட் சாமானுக்குச் சான்று வேணும். போன வருஷம் எவனோ கொண்டுவந்த ஒலிபெருக்கி புகைஞ்சு, ஜனமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஓடிச்சு.”

இவ்வாறாகக் கிதார், பேட்ரிசியாவோடும் காஜா மைதீனோடும், சௌம்யநாராயணனின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அவர் தம்முடைய பட்டியலைப் பார்த்தார். மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கருவி, மேசைவிளக்கு என்று அது போயிற்று. கிதார் என்று எங்கும் இல்லை.

“கையாலே பிடிச்சுண்டு முன்னும் பின்னும் இழுக்கறதுதானே? இஸ்திரிப் பெட்டியிலே சேர்த்துடலாம்” என்றார்.

“சார், ஒரு நிமிஷம் வாசிச்சுக் காட்டட்டுமா?” என்று கேட்டாள் பேட்ரிசியா.

“கூடாதும்மா. வாசிச்சா பழசாயிடும். பழைய சாமானுக்கு இங்கே சான்று கிடையாது.”

“வாசிக்காம தரம் எப்படித் தெரியும் சார்?”

“இஸ்திரிப் பெட்டி வந்தா நாங்க என்ன, வேஷ்டியைத் தேய்ச்சா பார்க்கறோம்?”

அவள் கிதாரை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

சூடு முதலில் பரிசோதிக்கப்பட்டது. அதிகாரி கிதாரின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்து, ‘சூடு வரம்புக்கு உட்பட்டது’ என்று குறித்துக்கொண்டார். பிறகு மின்பிரிவின் உதவிப் பொறியாளர் தைரியராஜ் வரவழைக்கப்பட்டார். அவர் முழங்கை வரையில் ரப்பர் கையுறை அணிந்து, கிதாரை ஒருமுறை வலம் வந்தார்.

“ப்ளக் எங்க பாய்?”

“இதுக்கு ப்ளக் கிடையாதுங்க” என்றார் காஜா மைதீன். “கம்பி அதிர்றதைக் காந்தம் பிடிச்சு ரேடியோவுக்கு அனுப்பும். கரண்ட் அங்கதான் இருக்கு.”

“அப்போ இது எலக்ட்ரிக் இல்ல.”

“எலக்ட்ரிக்தாங்க.”

“ப்ளக் இல்லாத எலக்ட்ரிக் சாமான் எங்க இலாகாவுல கிடையாது பாய். டார்ச்சு லைட்டுக்கே இன்னும் முடிவு ஆகல.”

காஜா மைதீன் மறுநாளே கறுப்புக் கம்பி ஒன்றில் மூன்று முள் ப்ளக்கை மாட்டினார். கம்பியின் மறுமுனையில் ஒரு முடிச்சுப் போட்டு, கிதாரின் அடிக்கட்டையில் ஓட்டை குடைந்து, முடிச்சை உள்ளே வைத்து அடைத்தார். ப்ளக் சுவருக்குள் போகும். கம்பி கட்டைக்குள் போகும். மின்சாரத்துக்குத்தான் போக வழியில்லை. தைரியராஜ் அதை இழுத்துப் பார்த்து மகிழ்ந்தார்.

“இப்பத்தான் பாக்கறதுக்கு எலக்ட்ரிக் மாதிரி இருக்கு” என்றவர், அடுத்த கணமே பின்வாங்கினார். “ஐயையோ! ஏம்மா, இதெல்லாம் என்ன? கை படற இடத்துல வெறும் கம்பி! ஒண்ணா, ரெண்டா? ஆறு!”

“அதைத் தொட்டாத்தானே சார் சத்தம் வரும்?”

“அதையேதான் நானும் சொல்றேன். வெறுங்கம்பியைத் தொட்டா சத்தம் வரும். தொட்டவங்க வாயிலேருந்து வரும்.”

கை படக்கூடிய கம்பிகள் யாவும் ரப்பரால் மூடப்பட வேண்டும் என்பது விதி. காஜா மைதீன் சைக்கிள் கடைக்குப் போய் வால்வு ட்யூப் வாங்கிவந்தார். ஆறு கம்பிகளையும் கழற்றி, ஒவ்வொன்றையும் அந்த மெல்லிய ரப்பர்க் குழாய்க்குள் நுழைத்து, மறுபடியும் பூட்டினார்.

“இப்பவாவது வாசிச்சுக் காட்டட்டுமா சார்?” என்றாள் பேட்ரிசியா.

“வேண்டாம்மா. இசைத்தரத்தையும் நாங்களே பார்த்துடறோம்.”

இசைத்தரத்தைக் கணிக்க சௌம்யநாராயணன் முழுத் தகுதி பெற்றவர். அவருடைய மனைவி நன்றாகப் பாடுவார். அவர் தம்முடைய பென்சிலின் பின்பக்கத்தால் ஒரு கம்பியைத் தட்டினார். அது வாசிப்பு ஆகாது, பரிசோதனைதான் என்பதையும் விளக்கினார். கிதாரிலிருந்து, ஈரத்துணி தரையில் விழுந்தாற்போல ஒரு சப்தம் எழுந்தது.

“அடக்கமா இருக்கு” என்றார். “சின்ன வயசுக்காரா கையிலே இருக்கிற வாத்தியத்துக்கு அடக்கம் ரொம்ப முக்கியம்.”

மார்கழி பிறந்துவிட்டது. விலையின் நியாயம் மட்டுமே தீர்மானிக்கப்பட வேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் விவகாரம் சிக்கலாயிற்று.

“வெளிநாட்டுக் கிதார்லே இருக்கறதெல்லாம் இதிலே இருக்கா?” என்று அதிகாரி கேட்டார்.

“இருக்குங்க” என்றார் காஜா மைதீன்.

“ஏதாவது ஒண்ணு இல்லாம இருக்குமே?”

“அப்படி எதுவும் இல்லீங்க. எல்லாம் இருக்கு.” அவர் இதைச் சற்றே பெருமையோடு சொன்னார். அதுதான் தவறாயிற்று.

சௌம்யநாராயணனின் முகம் வாடியது. “அப்படின்னா ஏன் இவ்வளவு மலிவு?”

“கட்டை நம்ம ஊருக் கட்டை. காந்தம் பழசு. கப்பல் கூலி இல்லை. அதனாலதாங்க.”

“அது விலை குறைஞ்ச காரணம். நான் கேக்கறது குறை. இதோ பாருங்கோ பாய். எல்லாமும் இருந்து, விலையும் கம்மியா இருந்தா, நாங்க கண்டுபிடிக்காத குறை ஒண்ணு உள்ளே ஒளிஞ்சுண்டிருக்குன்னு அர்த்தம். அது தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடறது? குறையைக் கண்டுபிடிச்சுட்டா கவலையே இல்லை. இன்ன குறை, அதனாலே இந்த விலை, நியாயம்னு எழுதிடுவேன்.”

“குறையே இல்லேன்னா?”

“விலையை ஏத்துங்கோ.”

“ஏத்தினா இந்தத் தங்கச்சியால வாங்க முடியாதுங்களே.”

“ஏத்தினா அது மலிவுவிலைக்குள்ளேயும் வராது. இந்த ஆபீஸ் அதைப் பார்க்கவே முடியாது.”

“அப்போ நாங்க என்னதாங்க செய்யறது?”

சௌம்யநாராயணன் இரக்கமுள்ளவர். வழியும் அவரே சொன்னார். “ஒரு குறை கொண்டு வாங்கோ.”

கடைக்குத் திரும்பி, டீயை வரவழைத்துக்கொண்டு இருவரும் குறை தேடினார்கள். வார்னிஷில் ஒரு கீறல் போட்டுக் கொண்டுபோனார்கள். கீறல் சேதம்தான், குறை ஆகாது என்று திருப்பப்பட்டது. ஒரு முறுக்காணியைத் தளர்த்தினார்கள். முறுக்கினால் சரியாகிவிடும் குறையை நிரந்தரச் சான்றில் எப்படி எழுதுவது என்று அதுவும் திருப்பப்பட்டது. கடைசியில் தைரியராஜ் கைகொடுத்தார்.

“கம்பிக்கு அடியில என்னமோ காந்தம் வச்சிருக்கீங்களே, அது எதுக்கு? அதான் ப்ளக் இருக்கே.”

காஜா மைதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “தங்கச்சி, அதை எடுத்துட்டா இது வெறும் பலாக்கட்டை” என்று தணிந்த குரலில் சொன்னார்.

“எடுத்துடுங்க பாய்” என்றாள் பேட்ரிசியா. “நாளைக்கு டான்ஸு. சான்று இல்லாட்டி என்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க. கைக்கு வந்ததும் திரும்ப வச்சுக்கலாம்.”

காந்தமும் செம்புக்கம்பியும் அகற்றப்பட்டன. ‘குறை: ஒலியைப் பிடிக்கும் உறுப்பு இல்லை. மற்றபடி தரம் முதல் வகுப்பு. விலை நியாயமானது’ என்று சான்று எழுதப்பட்டது. குறை பிற்பாடு காணாமற் போய்விடாதிருக்கும் பொருட்டு, அந்த இடத்தின் மேலேயே ஒரு பித்தளைத் தகடு திருகப்பட்டு, நான்கு திருகாணிகளின் மீதும் அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. முத்திரை உடைந்தால் சான்று செல்லாது.

பேட்ரிசியா முப்பத்தொன்றாம் தேதி மாலை மேடையேறினாள். கிதாரின் ப்ளக் மன்றத்துச் சுவரில் செருகப்பட்டது. டிரம்பெட்டும் வயலினும் முழங்கின. அவள் கண்களை மூடிக்கொண்டு, நாளெல்லாம் பழகிய பாட்டை ஒரு சுரம்கூடத் தவறாமல் வாசித்தாள். ரப்பருக்குள் இருந்த கம்பிகள் வாய் திறக்கவில்லை. பித்தளைத் தகடு மட்டும் விளக்கொளியில் பளபளவென்று மின்னிற்று.

ஆட்டம் முடிந்ததும் பிலோமின்ராஜ் ஓடிவந்தார். அவள் அழத் தயாராக நின்றாள்.

“அடடா! எவ்வளவு நாகரிகமான வாத்தியம்மா! காதே வலிக்கல. மத்தவங்க வாசிச்சதெல்லாம் எவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு தெரியுமா? இடம் உனக்குத்தான். ஆனா இதையேதான் கொண்டுவரணும். சான்று இல்லாத வேற ஒண்ணைத் தூக்கிட்டு வந்துடாதே.”

இவ்விதம் பேட்ரிசியாவுக்கு உத்தியோகம் கிடைத்தது. தூண் ஒன்றுதான் இல்லை.

தைப்பொங்கலுக்குள் அந்தக் கிதார் ஊரின் மோஸ்தராகிவிட்டது. புத்தூரில் டாக்டர் வீடுகளின் கூடங்களில் அது மாட்டப்பட்டது. வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் அதன் ப்ளக்குக்கென்றே சுவரில் தனி இடம் வைத்தார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிதாரோடு ஏறுபவர்களுக்குக் கண்டக்டர்கள் இடம் ஒழித்துக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், “பொண்ணுக்குக் கிதார் தெரியுமா?” என்று விசாரித்தார்கள். “சான்றோட ஒண்ணு வீட்ல இருக்குங்க” என்று பதில் வந்தால் சம்பந்தம் பேசினார்கள். காஜா மைதீனுக்குக் கை ஓயாத வேலை. காந்தம் வேண்டாம், சுருள் வேண்டாம் என்றாகிவிட்ட பிறகு கிதார் செய்வது முக்காலி செய்வதைவிட எளிதாக இருந்தது. சௌம்யநாராயணனும் தம் மகள் கல்யாணத்துக்கு ஒன்று வாங்கினார்.

“சத்தம் கித்தம் வராதே?” என்று கேட்டார்.

“வராதுங்க. குறையெல்லாம் சரியா இருக்கு.”

இந்த மும்முரத்துக்கு நடுவில் காஜா மைதீன் எவருக்கும் சொல்லாமல் எல்லாம் உள்ள கிதார் ஒன்றைப் பேட்ரிசியாவுக்காக மறுபடி செய்தார். ஒரு சனிக்கிழமை மாலை அவள் கடையின் பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, கடை முகப்பில் இருந்த ரேடியோவோடு அதை இணைத்து வாசிக்கத் தொடங்கினாள். ரப்பர் இல்லை, தகடு இல்லை, முத்திரை இல்லை. கடைவீதியில் நடந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்களை இடித்தவர்களும் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு குதிரை வண்டி போக வழியில்லாமல் கூட்டம் சேர்ந்துவிட்டது. தைரியராஜ் கையுறையில்லாமல் தாளம் போட்டார்; பிலோமின்ராஜ் தலையாட்டினார்; சௌம்யநாராயணன் கண்களை மூடிக்கொண்டார். காய்கறி வாங்க வந்த நாங்களும் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றோம்.

“இலங்கை ஸ்டேஷனா பாய்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“இலங்கையில ஏது இப்படி? இது சீமை ஸ்டேஷன்” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“வெள்ளைக்காரன் வாசிப்பே தனிதான்” என்றார் பிலோமின்ராஜ்.

சௌம்யநாராயணன் கண்களைத் திறக்காமலே பேசினார். “இதுக்குப் பேர்தான் தரம். ஏன் பாய், இப்படி ஒரு கிதாரை நம்ம ஊர்லே செய்ய முடியுமோ?”

“முடியாதுங்க” என்றார் காஜா மைதீன். “நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க.”

“வாஸ்தவம்” என்று அதிகாரி ஒப்புக்கொண்டார்.

திடீரென்று இசை நின்றது. தடுப்பின் கதவு திறந்தது. பேட்ரிசியா கிதாரைக் கையில் பிடித்தபடி, முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாகக் கடை வாசலுக்கு வந்து, ரேடியோவுக்கு முன்னால் நின்றாள். எங்கள் எல்லோரையும் பார்த்தாள். நாங்களும் அவளைப் பார்த்தோம்.

“கொஞ்சம் தள்ளி நில்லும்மா, ரேடியோவை மறைக்குது” என்று கூட்டத்திலிருந்து யாரோ மரியாதையாகவே சொன்னார்கள். “பாய், ஸ்டேஷன் போயிடுச்சு பாருங்க. முள்ளைக் கொஞ்சம் திருப்புங்க.”

அவள் தள்ளி நின்றாள். கடை வாசலில் அதற்கு வசதியாக ஒரு தூண் இருந்தது. காஜா மைதீன் முள்ளைத் திருப்பினார். நாங்கள் அனைவரும் ரேடியோவையே பார்த்துக்கொண்டு, வெகு நேரம் பொறுமையாகக் காத்திருந்தோம்.