மாரியூர் மணலும் அரக்கு முத்திரையும்

"பின்னால ரெண்டு சக்கரம் வேலை பாக்குறப்ப, முன்னால ரெண்டுக்கும் தனியா என்னய்யா வேலை?"

மனுக் கொடுக்க வந்து ஆபீஸ் வாசலில் நின்ற மருத்துவச்சி சேதுலட்சுமியின் காதில் இது தற்செயலாக விழுந்தது. சொன்னவர் சுகாதார ஆபீசர் குருநாதன். ஆள்குறைப்பு பற்றிப் பேசுகிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பேச்சு அவளுக்கு வாங்கப்போகும் வண்டியைப் பற்றி.

சாயல்குடியிலிருந்து மாரியூருக்கு அவள் மணலில் நடந்துதான் பிரசவம் பார்க்கப் போவாள். இரண்டு வருஷத்துக்கு முன் சண்முகவள்ளி வீட்டுக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் தலைப்பிள்ளை தங்கவில்லை. அதிலிருந்து இரண்டு மாசத்துக்கு ஒரு மனு. பதினோராவது மனுவை மேலிடம் கனிவுடன் பரிசீலித்தது.

ராணுவம் கழித்த வண்டிகளில் இரண்டு விலைக்கு வந்தன. ஒன்று, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வேன். ஜன்னலுக்குப் பச்சைத் திரை. அந்த வருஷம் திரை போட்ட வண்டியில் போகாதவரை யாரும் அதிகாரி என்றே எண்ணுவதில்லை. இன்னொன்று, நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்.

"வேன் மணல்ல குழி தோண்டிக்கிட்டு உக்காந்துருங்கய்யா," என்றான் டிரைவர் முனியசாமி. பர்மா சண்டையில் ஜீப் ஓட்டியவன்.

"திரை நல்லாருக்கேய்யா."

"திரையாங்கய்யா மணல்ல இழுக்கும்?"

கோப்பு மூன்று மாதம் மேசை மேசையாக நடந்தது. ஜீப்பையே வாங்குவது, அதற்குத் திரை தைத்துப் போடுவது, முன்சக்கரங்கள் அனுமதியின்றி உழைத்துத் தேய்ந்துவிடாதபடி, அவற்றை முடுக்கும் கம்பியை நூலால் கட்டி அரக்கு முத்திரை இடுவது, அவசியம் நேர்ந்தால் எழுத்துமூலம் அனுமதி பெற்று முத்திரையை உடைப்பது என்று தீர்மானமாயிற்று. வண்டி வருகிற சந்தோஷத்தில் சேதுலட்சுமியும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

சித்திரையில் ஒரு காலை, சண்முகவள்ளிக்கு வலி கண்டுவிட்டதென்று அவள் புருஷன் தவசி மூச்சிரைக்க ஓடிவந்தான். முத்திரை பத்திரமாக இருக்கிறதா என்று பார்வையிட அன்றைக்கென்று குருநாதனும் வந்திருந்தார். எல்லோரும் ஏறினார்கள். ஊருக்கு ஒரு மைல் இருக்கும்போது ஜீப் அச்சுவரை மணலில் இறங்கியது.

"அய்யா, கம்பியத் தள்ளட்டுமா?"

"விண்ணப்பம்?"

சேதுலட்சுமி மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி நீட்டினாள்.

"நான் இப்ப டூர்ல இருக்கேன்மா. அனுமதி குடுக்குற ஆபீசர் ஆபீஸ்ல இருக்கணும்."

"அவரு நீங்கதானங்கய்யா?"

"ஆமா. ஆனா இப்ப அங்கன இல்லையே."

"அப்ப நான் நடந்தே போறேன்."

"வண்டி ஒதுக்கின பிறகு நடந்தா, வண்டி எதுக்குன்னு தணிக்கையில கேப்பாங்க. உக்காரு."

முனியசாமியின் கை துறுதுறுத்தது. வேலை தற்காலிகம் என்பது நினைவுக்கு வந்து அடங்கியது.

தவசி கடற்கரைப் பக்கம் திரும்பிக் கூச்சல் போட்டான். கரைவலை இழுத்து முடித்திருந்த இருபது பேர் கயிற்றோடு ஓடிவந்து ஜீப்பில் மாட்டினார்கள். குதிகாலை மணலில் ஊன்றி, வலை இழுப்பது போலவே இழுத்தார்கள்.

"ஏலே, இன்னைக்கு மீன்பாடு பெருசுடா! ஆபீசரே மாட்டியிருக்காரு, விடாம இழுங்க!"

பச்சைத் திரை காற்றில் ஆட, குருநாதன் இறங்காமல் அமர்ந்திருந்தார்.

தவசியின் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. உள்ளே சண்முகவள்ளி அலறிக்கொண்டிருந்தாள். பெட்டியோடு குதித்த சேதுலட்சுமியை ஆபீசர் மறித்தார். கையில் பயணக் குறிப்பேடு. 'முன்சக்கரங்களின் உதவியின்றியே வண்டி மாரியூர் வந்து சேர்ந்தது. ஆகவே மேற்படி கம்பி தேவையற்றதெனக் கண்டு, அதைக் கழற்றிவிட உத்தரவாகிறது.'

"வந்து சேந்தது நிசந்தானே? சாட்சிக் கையெழுத்துப் போடும்மா."

"அய்யா, உள்ள..."

"போட்டுட்டுப் போ."

சேதுலட்சுமி கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.