மிச்சச் செருப்பும் எதுவரை சேரும்

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் "சுகமா?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொன்ன ஒரே மனிதர், எங்கள் ஊர்க் கணக்கு வாத்தியார் 'எதுவரை' சேர்தான். நாமெல்லாம் பல்வலியில் கன்னம் வீங்கியிருந்தாலும் "சுகம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறவர்கள். அவர் நின்று, "எதுவரை?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் முழித்தால் அவரே பிரித்துக் கொடுப்பார். "முழங்காலுக்கு மேல சுகம். கீழ இப்ப சொல்ல ஏலா."

அவருக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊரில் யாரும் அதைப் பாவிக்கவில்லை. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டு, சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு மேல்மாடியில் குடியிருந்தார். மீன்காரர் "நல்ல மீன் சேர்" என்றால், "எதுவரை? தலையா, வாலா?" என்பார். ஒரு கலியாண வீட்டில், "மாப்பிள்ள தங்கமான பொடியன்" என்று பெண்ணின் மாமா சொல்ல, அங்கேயும் இதே கேள்வி. அன்று அவரைச் சாப்பாட்டுச் சஹனிலிருந்து எழுப்பிவிடாதது அந்த வீட்டாரின் பெருந்தன்மை. என் வாப்பா அவரை அரைப்பைத்தியம் என்றுதான் சொல்வார்.

ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் வைத்து, "சேர், நீங்க என்னதான் ஆராய்ச்சி செய்றீங்க?" என்று கேட்டேன்.

"இன்வேர்ஸ் செமிகுறூப்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "தம்பி, உலகத்தில எந்த வேலையும் எல்லா இடத்திலயும் செல்லாது. செல்லுற இடம் எண்டு ஒண்டு இரிக்கி. அந்த அளவுக்குப் போகலாம், அந்த அளவுக்குத் திரும்பியும் வரலாம். கல்முனையில இருந்து அக்கரைப்பற்றுக்கு ஒரு பஸ். அங்க இருந்து பொத்துவிலுக்கு ஒரு பஸ். ரெண்டையும் கோக்கலாம். ஆனா மட்டக்களப்பில போய் நிக்கிற பஸ்ஸோட பொத்துவில் பஸ்ஸக் கோக்க ஏலுமா? ஒண்டு முடியிற இடத்திலதான் மத்தது தொடங்கணும். அது குறூப்பொயிட். அந்தப் பஸ் எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கினா வாறது ஒப்பரேட்டர் அல்ஜிப்ரா."

"முதல்ல ஒரு பஸ் நேரத்துக்கு வரட்டும் சேர், பிறகு பெருக்குவம்" என்றார் கடை முதலாளி.

இந்தக் கணக்கு எங்களுக்கு என்னத்துக்கு என்றுதான் நானும் நினைத்தேன், அந்த வெள்ளிக்கிழமை வரும்வரை. பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை நடுவில் மழை கொட்டத் தொடங்க, வாசலில் கிடந்த செருப்புகளை யாரோ ஒரு நல்ல மனிதர் வாரி ஒரே குவியலாகத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டார். தொழுகை முடிந்ததும் சனம் காலில் அகப்பட்டதைக் கொழுவிக்கொண்டு ஓடியது. எல்லாமே கறுப்பு, எல்லாமே ஈரம்.

வாப்பாவின் செருப்பைக் காணவில்லை. அது சாதாரணச் செருப்பல்ல. சீனி வருத்தத்தில் ஏற்கெனவே ஒரு கால்விரலைக் கொடுத்தவர் அவர். இன்னொரு புண் வந்தால் பாதமே போய்விடும், வெறுங்காலோடு ஓரடியும் வைக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லி, கொழும்பில் அளவெடுத்துச் செய்த மெத்தைச் செருப்பு. வாப்பா பள்ளிப் படியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதார்.

தாழ்வாரத்தில் ஒரேயொரு சோடி மிச்சம் கிடந்தது. சேர் அதைப் பார்த்தார். பாங்கு சொல்லும் மோதினாரைக் கூப்பிட்டார்.

"இண்டைக்கு ஆராவது வெறுங்காலோட பள்ளிக்கு வந்தவங்களா?"

"இந்தச் சேத்துக்குள்ள ஆரு சேர் வெறுங்காலோட வாற?"

"அப்ப செருப்புக் கிடைக்கும்" என்றார் சேர். "இந்த மிச்சச் சோடிக்காரன் வேற ஒருத்தன்ட செருப்பில போயிருக்கான். அந்த ஒருத்தன் இன்னொருத்தன்டதில. இப்பிடிக் கோத்துக்கொண்டு போனா, கடைசி ஆளுட கால்ல கிடக்கிறது வாப்பாட செருப்பு. வேற எங்கயும் போய் முடிய ஏலா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாப்பாவை ஓட்டோவில் வீட்டுக்கு ஏற்றிவிட்டு, சேரை மோட்டார் சைக்கிளில் பின்னால் வைத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

மிச்சச் சோடியின் வாரில் மீன் செதில். நேராக எங்கள் தெரு மீன்காரரிடம் போனோம். அவர் தன்னுடையதை வாங்கிக்கொண்டு, காலில் கிடந்ததைக் கழற்றித் தந்தார். அதில் நூல் சுற்றியிருந்தது. சொந்தக்காரர், மீன்காரர் சொன்னபடி, மருதமுனை நெசவுக்காரர், பெண் கொடுத்த வீட்டுக்கு வந்தவர், ஜும்ஆவுக்கு எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறார். மருதமுனைக்குப் போனால், அவரோ தறிமிதியில் மிதித்து, போட்டு வந்த செருப்பின் வாரையே அறுத்து வைத்திருந்தார். அதில் கிறீஸ் கறை, வலது அடி மட்டும் தேய்ந்திருந்தது.

"அக்சிலேட்டர்" என்றார் சேர். எங்கள் தெருக் கொழும்பு பஸ் டிரைவரேதான். அவருடைய பஸ் அக்கரைப்பற்றில் புறப்பட நின்றது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். பிரேக்கின் மேல் வாப்பாவின் செருப்பு! நான் சேரைக் கட்டிப்பிடிக்காத குறை.

"இது உங்கட வாப்பாடயா? மெத்தையில மிதிக்கிற மாதிரி இரிந்திச்சே!" டிரைவர் மனமில்லாமல் கழற்றினார். தன் செருப்பைப் பார்த்ததும் முகம் கறுத்தது. "இந்த அறுந்த வாரோட நான் எப்பிடிக் கொழும்புக்குப் போற?"

பின்னாலிருந்து சனம் கத்தியது. சேர் பெருநாளைக்கு வாங்கிய தன் புதுச் செருப்பைக் கழற்றி மேலே நீட்டினார்.

"இந்தாங்க, கொழும்பு மட்டும் தாங்கும்."

சேர் எங்கள் வாசலுக்கு வெறுங்காலோடு வந்ததை முதலில் கண்டது வாப்பாதான். "சேர், உங்கட செருப்பு?" என்றார்.

"அது கணக்குக்கு வெளிய, ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போய்விட்டார். அதன்பிறகு அவரை அரைப்பைத்தியம் என்று யாராவது சொன்னால் வாப்பா சண்டைக்குப் போவார்.

இப்போது சேர் ஏதோ ஒரு குளிர்நாட்டில் அதே கணக்கைப் படிப்பிக்கிறார். மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது. எனக்கு அந்த மனிதர் இல்லாமல் ஊரே ருசியில்லை. போன பெருநாளைக்குப் போன் எடுத்தார்.

"வாப்பாட கால் எப்பிடி, தம்பி?"

"சுகம் சேர்" என்றேன். சொல்லிவிட்டு, வரப்போகும் கேள்விக்காக விரலிலிருந்து குதிவரை விபரமெல்லாம் நுனிநாக்கில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சேர். எதுவரை என்று கேட்கவில்லை.