பிஸ்கட்டுக்கு வயிற்றுவலி

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் பல்செட் அடுத்த சோளக்கதிரோடு போகட்டும்.

அயோவாவில் எங்கள் ஊர் டிராக்டர் தொழிற்சாலையை மூடினார்கள். வென்டெல் டோலெஃப்சனுக்கு வேலையோடு மருத்துவக் காப்பீடும் போயிற்று. அறுபத்தைந்து முடிந்தால் அரசாங்கக் காப்பீடு வந்துவிடும். இடையில் மூன்று மாதம். ஏஜென்ட் டாரல் இரண்டு வழி சொன்னார்: விலை கூடிய முழுக் காப்பீடு, அல்லது மலிவான குறுகிய காலக் காப்பீடு. மலிவானதில் ஒரு சின்னச் சங்கதி, ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காசு பெயராது.

"மழையில மட்டும் விரிக்கக் கூடாதுன்னு சொல்லி விக்கிற குடை மாதிரில்ல இருக்கு," என்றாள் மனைவி லோர்னா.

"எனக்குத்தான் நோயே இல்லையே," என்றார் வென்டெல். யோசித்துச் சொல்வதாக டாரலிடம் சொல்லிவைத்தார்.

அன்று மாலையே வலது விலாவுக்குக் கீழே யாரோ திருகாணி முடுக்குவது போல் வலித்தது. டாக்டரிடம் போனால் அது ஏற்கெனவே இருந்த நோயாகிவிடும். காப்பீடில்லாமல் ஆபரேஷன் என்றால் வீட்டை விற்க வேண்டும். போகாவிட்டால் உயிர் போகும். நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

உறைந்த ஏரியில் அவரோடு சேர்ந்து உட்கார்ந்து மீன் பிடிக்கும் கூட்டாளி இங்வார், கால்நடை மருத்துவர். 'பிஸ்கட், கறுப்பு நாய், வயது ஒன்பது' என்று இங்வாரின் ஆஸ்பத்திரியில் பதிவு. மேசைமேல் ஏறிப் படுத்தது வென்டெல். சினை மாட்டைப் பார்க்கும் கருவியை இங்வார் அவர் வயிற்றில் வைத்து உருட்டினார்.

"பித்தப்பையில கல்லுடா. கொழுப்பைத் தொடாத. கன்னுக்குட்டி எதுவும் இல்ல, நிம்மதியாப் போ."

அங்கே வரவேற்பில் இருந்த பெண்மணி, பிஸ்கட் பாவம், தேறாது போலிருக்கிறது என்று சர்ச்சில் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிஸ்கட்டுக்காக ஜெபித்தார். சபையே தலைகுனிந்தது. வென்டெல் திக்பிரமை பிடித்து ஆமென் சொன்னார்.

மதியத்துக்குள் வாசலில் வரிசையாகக் கண்ணாடிப் பாத்திரங்கள். கஷ்டத்தில் இருக்கிற வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோவது எங்கள் ஊர் வழக்கம். உருளைக்கிழங்கு, மாட்டுக்கறி, மேலே உருகிய சீஸ். பாத்திரத்தைக் காலி செய்துதான் திருப்பித் தர வேண்டும். பொய்க்கு வந்த சாப்பாடு என்று லோர்னா வாயில் வைக்க மறுத்துவிட்டாள். ஊருக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று வென்டெல் ஒற்றை ஆளாக மூன்றைக் காலி செய்தார்.

மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே டாரலுக்குப் போன் போட்டார். மலிவானதே போதும், இப்பவே போடுங்கள் என்று கெஞ்சினார்.

"போட்டுடலாம். வயித்துல கோளாறுன்னு எந்த டாக்டராவது உங்ககிட்ட சொல்லியிருக்காரா?"

"மனுஷ டாக்டர் யாரும் சொல்லல," என்றார் வென்டெல், சத்தியம் தவறாமல். "கல்லு எங்க நாய்க்குத்தான்."

டாரல் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏம்ப்பா வென்டெல், உன் வீட்ல நாயே கிடையாதுன்னு ஊருக்கே தெரியுமே. நாங்க ஜெபம் பண்ணினது உனக்குத்தான்."