நூற்றெட்டுக் கிளிகள் மேகமேறிய படலம்

2024 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, காலை 9.40 மணிக்கு, ஆரணி பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் உள்ள வீரபாகு பட்டு டிசைன் கூடத்தில், கணினியின் ஹார்டு டிஸ்க் டக் டக்கென்று தட்டத் தொடங்கியது.

கேளீர், பாவும் ஊடையும் பிரியாத ஊரின் பெருமக்களே! சுட்டுவிரல் ஒன்றையே நால்வகைப் படையாகக் கொண்டவளும், மூக்குக்கண்ணாடி என்னும் இரட்டைக் கேடயம் தரித்தவளும், கட்டந்தோறும் புள்ளி வைத்துக் கண்ணொளியைக் காணிக்கையாக்கியவளும், நாற்காலியின் உடைந்த கைப்பிடியை ஒன்பதாண்டு பொறுத்த பொறுமைக் கடலுமாகிய எழிலரசியின் வெற்றியைப் பாடப் புகுந்தோம். மின்சாரமே, மாலை வரை நீ நிலைத்து நிற்க! இணையக் கம்பியைக் கடித்து வாழும் அணிற்குலமே, இன்று ஒருநாள் கொய்யாவைக் கடிப்பாயாக!

அவள் காத்த பெருஞ்செல்வம் யாதெனில், ஒரு முந்தி. சோளக்கதிர்களில் அமர்ந்த நூற்றெட்டுக் கிளிகள். ஒரு கிளியை வரைந்து அதையே நூற்றேழு முறை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போவது உலக வழக்காக இருக்க, ஒன்றைப்போல் ஒன்றில்லாமல், ஒன்று கதிரைக் கொத்தவும் ஒன்று கோபித்துத் திரும்பிக்கொள்ளவும் ஒன்று எதிலும் பட்டுக்கொள்ளாமல் தூங்கவும், முப்பத்தொன்பது நாள் அவள் அவற்றைத் திரையில் குஞ்சு பொரித்திருந்தாள். மறுநாள் காலை அந்த முந்தி முள்ளிப்பட்டில் நெசவாளர் சரவணனின் தறியில் ஏறவேண்டும். கிளிகள் அத்தனையும் அந்தத் தட்டுகின்ற டிஸ்க்கினுள் இருந்தன. வேறெங்கும் இல்லை.

பென் டிரைவில் எடுத்து வைக்கலாகாதோ என்று வினவுவோர்க்கு விடை இது: முன்னொரு காலத்தில் இக்கூடத்து மாங்காய்க் கரை ஒன்று யாருடைய சட்டைப் பையிலோ வெளியேறி, ஒரே வாரத்தில் பதினேழு தறிகளில் நெய்யப்பட்டதைக் கண்டு வெகுண்ட உரிமையாளர் வீரபாகு, பென் டிரைவ் செருகும் துளைகள் அனைத்தையும் மெழுகு உருக்கி அடைத்துவிட்டார். இணையத்தின் மேகக்கிடங்கு இல்லையோ எனில், இருந்தது. சென்னையிலிருந்து ஹேமநாத் என்பவன் வந்து, தினமும் மாலை ஏழு மணிக்கு டிசைன்களெல்லாம் தாமே பேக்கப் ஆகி மேலேறும் மென்பொருளைப் பதித்துக் கொடுத்திருந்தான். தினமும் ஆறரை மணிக்கு மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவது வீரபாகுவின் குலதர்மம். ஆகவே நான்கு மாதமாக ஒரு புள்ளியும் மேலேறவில்லை.

கணினி பழுது நீக்கும் தீனாவின் ஆணை தொலைபேசி வழியே முழங்கியது:

“ரெண்டு மணிக்குப் புது டிஸ்கோட வரேங்க்கா. அதுக்குள்ள எல்லாத்தையும் மேல ஏத்திடுங்க. கழட்டினதுக்கு அப்புறம் வந்து அழுதீங்கன்னா நான் இன்னா பண்றது?”

9.55 மணிக்கு எழிலரசி மென்பொருளின் பணிப்பட்டியலைத் திறந்தாள். அறுநூற்றுப் பதினான்கு கோப்புகள், படையணி போல் வரிசை கட்டி நின்றன. பச்சை அம்புக்குறியை அவள் அழுத்த, ‘ஓடுகிறது’ என்னும் நீலக்கொடி உயர்ந்தது. ஒரு விழுக்காடு, இரண்டு, ஐந்து என, வறண்ட கமண்டல நாகநதியில் முதல் வெள்ளம் மணலை நக்கி நக்கி வருவதுபோல், அந்த நீலக்கோடு இடமிருந்து வலம் ஊர்ந்தது. ஓடும், நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடி ஓடும். அறுபத்தெட்டைத் தொட்டபோது, தேநீர்ப் பையன் எவனும் வாராத அக்கூடத்தின் வழக்கப்படி, தன் தேநீரைத் தானே வாங்கிவர அவள் சந்து முனைக்குச் சென்றாள். ஆறு நிமிடத்தில் திரும்பினாள்.

கோடு இரண்டு விழுக்காட்டில் இருந்தது.

ஐயகோ! வென்ற நிலமெல்லாம் இழந்த வேந்தன்போல், கையில் தேநீர் ஆற, அவள் நின்றாள். வீழ்ந்தவள் எழுந்தாள்; அமர்ந்தாள்; கண்ணிமை ஆடாது காத்தாள். 11.50க்குத் தொண்ணூற்றொன்று. அவ்வேளை சாயப்பட்டறையிலிருந்து வந்த ரங்கம்மாள், கிளிப்பச்சை எந்தப் பச்சை என்ற வினாவோடு பின்னறையில் நூற்கழிகளைப் பரப்பி அழைத்தாள். பச்சையைத் தேர்ந்து வருவதற்குள், கோடு நான்கு.

“தட்டு தட்டுன்னு தட்டிகினு கீது பாரு, அதுக்கு வாய்வு,” என்று ரங்கம்மாள் டிஸ்க்கைப் பற்றித் தீர்ப்பளித்துவிட்டுப் போனாள்.

மறைந்திருந்து தாக்கும் பகைவன் எவன்? டிஸ்க்கா? மேகமா? காற்றில் திரியும் ஏதேனும் அரக்கனா? சினத்தால் கண்ணாடி ஆவி பூக்க, அவள் ஹேமநாத்தை அழைத்தாள். சென்னையில் தன் திரையில் அதே பணிப்பட்டியலை விரித்து அவன் உரைத்தான்:

“யாரோ கேன்சல் குடுத்திருக்காங்கக்கா. ரெண்டு வாட்டி. அட்மின்னு வருது.”

“அட்மின்னா யாருப்பா?”

“உங்க கம்ப்யூட்டர்தாங்க்கா. அதுக்கு முன்னாடி உக்காந்திருக்கிற ஆளு.”

“இங்க நான்தான் உக்காந்துகினு கீறேன்!”

“அப்போ நீங்கதாங்க்கா.”

இவ்வுரை கேட்ட எழிலரசி, தன் வலக்கையைத் தானே ஐயுற்றுப் பார்த்தாள். பின்பு ஒரு சூளுரைத்தாள்: கோடு நூற்றைத் தொடும்வரை இந்நாற்காலி அகலேன், தண்ணீர் குடியேன், குடித்தால் எழவேண்டி வரும், பின்னறையில் பொன்னே கொட்டினும் திரும்பிப் பாரேன். எலுமிச்சைச் சாதத்தை இடக்கையால் தின்றாள். முதுகு வில்லாக வளைந்தது; கால் மரத்தது. நீலக்கோடு எழுபது கடந்தது, எண்பத்தைந்து கடந்தது, 1.10 மணிக்குத் தொண்ணூற்றேழை எட்டியது.

அங்கே நின்றது.

பதினான்கு நிமிடம் நின்றது. டிஸ்க்கின் டக் டக் மட்டும் பகைவர் பாசறையின் பறைபோல் ஒலித்தது. இனி இக்கிளிகளைக் காண்பேனோ மாட்டேனோ என்ற கலக்கம் மீதூர, டிசைன் சாளரத்தைத் திறந்து முந்தியை விரித்து, கோபித்துத் திரும்பிய அந்தக் கிளியையே பார்த்திருந்தாள். பணிப்பட்டியலைத் திரையின் ஓரமாக ஒதுக்கியிருந்தாள்.

அப்போது அவள் தோளுக்கு மேலாக, வெண்ணிற மடிப்புச் சட்டைக் கையோடு, மோதிரம் அணிந்த ஒரு விரல், பட்டியலின் சிவப்புக் கட்டத்தை நோக்கி, இரை கண்ட கழுகின் அமைதியோடு இறங்கியது.

“அண்ணா! தொடாதீங்க!”

அந்தக் கூக்குரலில் சுவர்ப்பல்லி இடம் மாறியது. விரலின் உடைமையாளர் வீரபாகு, குற்றம் அறியாக் குழந்தைபோல் விழித்தார்.

“ஏம்மா எழிலு கத்தற? ஒரே எடத்துல நின்னுகினு கீதே, இழை அறுந்துடுச்சோன்னு பாத்தேன். செவப்ப அமுக்கி நிறுத்திட்டு, பச்சைய அமுக்கி ஓட்டிவுட்டா சரியாப் பூடும்.”

“காலைலயும் நீங்கதானா?”

“ஆமா. ரெண்டு வாட்டி. நீ இல்லாதப்போ நின்னு போச்சு, நான்தான் பாத்து ஓட்டிவுட்டேன். நான் பாக்கலைன்னா இன்னா ஆயிருக்கும்?”

அந்தோ, முப்பதாண்டு பவர்லூம் ஓட்டிய அறம்! ஓடாத தறியை வேடிக்கை பார்ப்பவன் நெசவாளி அல்லன். சிவப்பை அழுத்து, அறுந்ததை முடிச்சிடு, பச்சையை அழுத்து என்பதே அவர் அறிந்த வேதம். கூடத்தின் பின்புறம் ஓடிய நான்கு தறிகளிலும் அதே சிவப்பு, அதே பச்சை. தறியில் நின்ற இடத்திலிருந்து துணி தொடரும். மேகத்திலோ முதலிலிருந்து நெய்யவேண்டும்.

எழிலரசி, சம்பளம் தருபவரின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திய கையை மெல்ல விடுவித்தாள். அவர் போகவும் இல்லை, பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, “இப்பவாவது ஓடுதா?” என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை வினவியபடி, இரு கைகளையும் முழங்கால்களுக்கு இடையே செருகி, தம்மைத்தாமே சிறையிட்டு அமர்ந்தார். இருவர் மூச்சும் ஒன்றாயிற்று. தொண்ணூற்றெட்டு. வீரபாகு எழுந்தார், அமர்ந்தார். தொண்ணூற்றொன்பது.

1.52 மணிக்கு, கோடைப் புழுதியில் விழுந்த முதல் மழைபோல், திரையெங்கும் பச்சை படர்ந்தது. ‘முடிந்தது’! முழங்குக முரசம்! ஆர்த்தன பின்கட்டுத் தறிகள் நான்கும். ஆடினாள் நாற்காலியோடு எழிலரசி. வீரபாகு தம் வரலாற்றில் முதன்முறையாகத் தம் செலவில் மூன்று தேநீர் வாங்கிவரத் தாமே புறப்பட்டார்.

பச்சை எழுத்தின் கீழே சின்னஞ்சிறு மஞ்சள் எழுத்து ஒன்று இருந்தது. ‘ஒரு எச்சரிக்கை.’

அவள் அதை அழுத்தினாள். அறுநூற்றுப் பதின்மூன்று கோப்புகள் ஏறின, ஒன்று விடப்பட்டது, காரணம், அக்கோப்பு வேறொரு சாளரத்தில் திறந்திருக்கிறது. கோப்பின் பெயர், கிளி முந்தி.

ஏறியவற்றைப் படித்தாள்: 2015 மாங்காய்க் கரை, ஏறியது, யாரும் வாங்காத யானைக் கரை, ஏறியது, வீரபாகு மகள் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை, அதுவும் ஏறியது. நாளெல்லாம் அவள் எதற்காகப் பொருதாளோ, அது அவளே கண்ணாரப் பார்த்துக்கொண்டிருந்த குற்றத்துக்காகத் தரையில் விடப்பட்டிருந்தது. டிஸ்க் இப்போது தட்டவில்லை, கீச்சிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றினான் தீனா. கையில் புது டிஸ்க், வாயில் திருப்புளி.

“ஆச்சாக்கா?”

“ஒண்ணு மட்டும் நிக்குதுப்பா. அதுதான் வேணும்.”

அவன் திருப்புளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து திரையைப் பார்த்தான்.

“அந்த ஒண்ண மட்டும் காலைலயே தனியா ஏத்தியிருக்கலாமேக்கா.”

எழிலரசி கிளிகளின் சாளரத்தை மூடிவிட்டு, அந்த ஒரு கோப்பை மட்டும் குறித்து, பச்சை அம்பை அழுத்தினாள். பதினொரு வினாடியில் ஏறிவிட்டது.