பின் ஆக்சிலில் ஒரு பாதி வெற்றி

தொழிற்சங்கத் தலைவருக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை, நடந்த வரிசை பிசகாமல் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, கல்குவாரி நிர்வாகம் அவரை வேலையை விட்டுத் தூக்கியது. அது முதலாளி செய்தது; பொறுத்துக்கொண்டார். இரண்டாவது, அவர் குவாரி வாசலில் நின்று கோஷம் போட்ட காலத்தில் அவர் மனைவி ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மூன்றாவது, ஒரு பழைய ஜீப்பை வாங்கி, குவாரிப் பள்ளத்திலிருந்து மேலே ஆஸ்பத்திரிக்கும் கடைவீதிக்கும் ஆள் ஏற்றத் தொடங்கினாள். நான்காவது, குவாரிக் குடியிருப்பே அதை ‘அக்கா வண்டி’ என்றது. அவருக்கு வாழ்க சொன்ன அதே வாய்கள்தான்.

ஐந்தாவது ஒன்று உண்டு. அதை அவர் வரிசையில் சேர்ப்பதில்லை. போன மழையில் பாறை சரிந்து, துளை போடும் டிரில்காரர் நசுங்கியபோது, “இது ஆம்பளை ஓட்ட வேண்டிய நேரம்” என்று மனைவியிடமிருந்து சாவியைப் பிடுங்கியவர் தலைவர்தான். களிமண் ஏற்றத்தில் வண்டி புதைந்தது. பின்சீட்டில் டிரில்காரர் தண்ணீர் கேட்டார். பிறகு கேட்கவில்லை.

இந்த வருஷமும் மழைக்கு முன் சங்கம் கூடி, மழைக்கால அவசரத்துக்கு வண்டியை யார் ஓட்டுவது என்று முடிவு செய்யும். தானே ஓட்டுவதென்று தலைவர் சபதம் எடுத்தார். பழைய டயர்களைக் கழற்றி எறிந்து, இடுப்பளவு உயர டயர்களை மாட்டினார். வண்டி மேடை போல உயர்ந்தது. மேடை போலவே நகரவும் மறுத்தது.

மெக்கானிக் குனிந்து பார்த்தார்.

“டயரைப் பெரிசாக்கிட்டீங்க தலைவரே. இழுவை போச்சு.”

“இன்ஜின் சோம்பேறி.”

“அது மேல பழி போடாதீங்க. பெரிய சக்கரத்தைச் சுத்த பலம் அதிகம் வேணும். ஆக்சிலுக்குள்ள இருக்கிற கிரவுன், பினியன் பல்சக்கர ஜோடியை மாத்தி ரேஷியோவைச் சரி பண்ணணும். பின்னாடி ஒரு செட், முன்னாடி ஒரு செட்.”

“மாட்டு.”

“பின்னாடிக்கு இருக்கு. முன்னாடிக்குத் தேடணும்.”

சங்கக் கூட்டமோ அடுத்த வாரம். வாழ்நாளெல்லாம் முழுசாகக் கேட்டு, பாதியை வாங்கி, அதற்கு ஊர்வலமும் நடத்திய மனிதர் அவர்.

“பின்னாடி கிடைச்சது வெற்றி. முன்னாடியை அடுத்த பேச்சுவார்த்தையில பாத்துக்கலாம்.”

“ஐயோ, நாலு சக்கரமும் இழுக்க ஃபோர்வீல் போட்டீங்கன்னா நடுவுல இருக்கிற கியர் பெட்டி நொறுங்கிடும். முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்கு இருந்தா எது ஓடும்?”

“ஏன், எங்க சங்கம் ஓடல?”

“அது ஓடிச்சா?”

“வாயை மூடிட்டு மாட்டுய்யா. நான் ஃபோர்வீலே போடல.”

வீட்டு வாசலில் மனைவி வண்டியைக் கழுவினாள். அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“ஏங்க, ரெண்டு பக்கமும் மாத்தியாச்சா?”

“மாத்தியாச்சு.”

“முன்னாடியும்?”

“ஒரு தலைவன் சொல்றேன்...”

“தலைவரைக் கேக்கல. என் வீட்டுக்காரரைக் கேக்கறேன்.”

“ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். மாத்தியாச்சு.”

“சரி” என்று குழாயை மூடினாள். அந்தச் ‘சரி’யின் எடை இத்தனை வருஷத்தில் தலைவருக்குப் பிடிபட்டதே இல்லை.

மறுநாள் வெளியூர் ஆர்ப்பாட்டம் ஒன்றுக்கு பஸ் ஏறினார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக வண்டியின் அடியில் பார்த்தார். பின் ஆக்சில் மூடி பளபளத்தது. முன் மூடியில் போன மழையின் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. யாரும் தொடவில்லை. நிம்மதி.

கூட்டத்தன்று தூறல். களிமண் ஏற்றத்தின் அடியில் சங்கமே கூடி நின்றது. ஏறிக் காட்டுவதாகத் தலைவர் வண்டியை விரட்டினார். போன வருஷம் நின்ற அதே இடத்தில் பின் சக்கரங்கள் வெறுமனே சுழன்று சேற்றை வாரி இறைத்தன.

“தலைவரே, ஃபோர்வீல் போடுங்க!” என்று கூட்டம் கத்தியது.

“தேவையில்ல! இது கொள்கை முடிவு!”

கொள்கை இன்னும் ஒரு முழம் புதைந்தது.

“இறங்குங்க” என்றாள் மனைவி. ஸ்டியரிங்கில் அவள் உட்கார்ந்தாள். பின்னால் கனம் வேண்டுமென்று நான்கு பெண்கள் ஏறினார்கள். அதில் ஒருத்தி டிரில்காரரின் மனைவி. புருஷன் செத்த அதே சீட்டு.

மனைவியின் கை ஃபோர்வீல் லீவருக்குப் போனது.

“போடாதே!” தலைவரின் குரல் பள்ளம் முழுக்கக் கேட்டது. “முன்னாடி மாத்தல! பெட்டி உடைஞ்சு வண்டி பின்னால உருண்டுடும்! எல்லாரும் இறங்குங்க!”

யாரும் இறங்கவில்லை. டிரில்காரரின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“மழையில இன்னொருத்தன் அடிபட்டு இதுல படுத்திருந்தா, அப்பவும் இதைச் சொல்லியிருப்பீங்களா அண்ணே?”



“இது உங்க வாயாலயே வரட்டும்னுதான் இருந்தேன்” என்ற மனைவி லீவரைத் தள்ளினாள். எதுவும் உடையவில்லை. நான்கு சக்கரமும் ஒன்றாக மண்ணைக் கடித்தன. வண்டி அலட்டல் இல்லாமல் ஏறி மேட்டில் நின்றது.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். “நீங்க பஸ் ஏறின அன்னிக்கே முன்னாடி செட் கிடைச்சிடுச்சு. அக்கா மாட்டச் சொல்லிட்டாங்க.”

“மூடியில பழைய சேறு இருந்துதேய்யா! பாத்தேனே!”

“நீங்க பாப்பீங்கன்னுதான் அக்கா அதைப் பெயர்த்து வெச்சிருந்து, கரைச்சுத் திரும்பப் பூசினாங்க.”

சங்கத்தின் முடிவுகளை வாசிப்பது எப்போதும் தலைவர்தான். மைக் இல்லாமலே எட்டும் குரல் வேறு யாருக்கு உண்டு? செயலாளர் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். வழக்கத்தை மீறியவர் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். வாங்கிக்கொண்டார்.

“இந்த மழைக்கு வண்டி ஓட்டப்போவது... அக்கா.”

கைதட்டல் ஓயக் காத்திருந்தார்.

“வண்டி புதைஞ்சா இறங்கித் தள்ளப்போவது...”

துண்டுப் பிரசுரங்களின் கடைசி வரியில் கொட்டை எழுத்தில் அச்சான தன் பெயரைச் சீட்டில் தேடினார். இல்லை.

“உரக்கப் படிங்க அண்ணே” என்றாள் டிரில்காரரின் மனைவி. “பின்சீட்டுக்குக் கேக்கல.”

உரக்கப் படித்தார்.

“அக்கா வீட்டுக்காரர்.”